பார்சலில் போகிற சைக்கிள்

பழைய சைக்கிளுக்கு இது யோக காலம். பேரீச்சம்பழக்காரன்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு தராசில் தூக்கி வைத்த ராலே வண்டிகளுக்கும் ஹம்பர் வண்டிகளுக்கும் இன்று கிராக்கி பிறந்திருக்கிறது. மாட்டுக் கொட்டகையிலும் மாடிப்படிக்கு அடியிலும் ஒட்டடை போர்த்திக் கிடந்தவற்றை விலாசம் விசாரித்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். நல்லதுதான். மனிதன் செய்த நல்ல சாமான் ஒன்று மதிக்கப்படுவதில் யாருக்கு வருத்தம்? என்னுடைய சண்டை கிராக்கியோடு அல்ல. அந்தக் கிராக்கி வண்டியை எந்த வழியாக அனுப்பிவைக்கிறது என்பதோடு.

உள்ளூரிலேயே, நேரில் வந்து, ஏறி மிதித்துப் பார்த்து வாங்குகிறவருக்கு விற்கலாம். அல்லது, பிரித்து அட்டைப்பெட்டியில் அடைத்து, பெங்களூரிலோ புனேயிலோ கடல் தாண்டியோ இருக்கிற, வண்டியைக் கண்ணால் கண்டிராத ஒருவருக்கு அனுப்பலாம். இரண்டாவதுதான் புத்திசாலித்தனம் என்று சொல்லுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் அசடர்கள் அல்லர். ஆகையால் அவர்களுடைய கட்சியை முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

தஞ்சை ஜில்லாவில் ஏதோ ஒரு சின்ன ஊர். கணவரை இழந்த ஓர் அம்மாள். அவர் விட்டுப் போன ராலே வண்டி ஒன்று ரேழியில் நிற்கிறது. உள்ளூரில் அதற்கு என்ன விலை? காயலான் கடைக்காரர் இரும்பு விலை சொல்வார். அதே வண்டிக்குப் பத்து மடங்கு கொடுக்க நூறு காத தூரத்தில் ஒருவர் காத்திருக்கும்போது, அந்த அம்மாள் ஏன் நஷ்டப்படவேண்டும்? ஊர்ப்பற்று, பழைமைப்பற்று என்றெல்லாம் பேசி ஓர் ஏழையின் வயிற்றில் அடிக்கலாமா? இதுதான் அவர்கள் வாதம்.

பலமான வாதம். இதில் குறை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பத்து மடங்கு அந்த அம்மாளுக்குக் கிடைப்பதில்லை.

அந்த அம்மாளுக்குப் பெட்டி கட்டத் தெரியாது. படம் பிடித்து விளம்பரம் போடத் தெரியாது. புனேக்காரருடைய பாஷையும் தெரியாது. இவையெல்லாம் தெரிந்த ஒருவர் நடுவில் வருகிறார். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். பார்க்கும்போதே முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

“ரொம்பப் பழசும்மா. டயரே இல்லை. ரிம்மெல்லாம் துரு. காயலான் கடைக்காரன் கொடுக்கிறதுக்கு மேலே ஐந்நூறு போட்டுத் தர்றேன்.”

“அவர் இதிலேதாம்ப்பா முப்பது வருஷம் பள்ளிக்கூடம் போனார்.”

“அதனாலேதாம்மா கூடப் போட்டுத் தர்றேன்.”

ஆக, அந்த அம்மாள் விற்றது எங்கே? உள்ளூரில்தான். வாங்கிய விலை எது? உள்ளூர் விலைதான், ஐந்நூறு ரூபாய் கூட. வெளியூர் விலை என்பது அதற்குப் பிறகு, அவளுக்குத் தெரியாமல், அவள் வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிற ஒரு தொகை. தூரத்து விற்பனைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இந்த அம்மாளையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவளைக் கேட்டால் அவள் வேறு மாதிரிச் சொல்லுவாள்.

வாங்கி விற்கிறவன் லாபம் வைப்பது தப்பா என்று கேட்கலாம். தப்பே இல்லை. வெற்றிலை வாங்கி விற்கிறவரும் லாபம் வைக்கிறார். ஆனால் வெற்றிலைக்காரர் கவுளியைக் கிழித்து, காம்பை ஒருவருக்கும் நுனியை ஒருவருக்கும் விற்பதில்லை. சைக்கிள் விஷயத்தில் அதுதான் நடக்கிறது. அதற்குக் காரணம் பேராசைகூட அல்ல; வெறும் கூலிக் கணக்கு.

கம்பிப் பிரேக்கும் இருபத்தெட்டு அங்குலச் சக்கரமும் உள்ள பழைய ஆண்பிள்ளை சைக்கிள், தராசில் இருபது கிலோவை ஒட்டி நிற்கும். ஆனால் தனியார் பார்சல் கம்பெனிகள் தராசை மட்டும் நம்புவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி, அதை ஓர் எண்ணால் வகுத்து, அதையும் எடை என்றே சொல்லுகிறார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. சைக்கிளோ உடம்பில் சதையே இல்லாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிற பிராணி. இருபது கிலோ வண்டி அவர்களுடைய ரசீதில் நாற்பதாகவும் ஐம்பதாகவும் பெருத்துவிடும். இதோடு பெட்டிச் செலவு, கட்டுக்கூலி, வழியில் அடிபட்டால் சண்டை.

மணிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஒரு கெட்டி உறைக்குள் அடங்கிவிடும். தலைக்குழாயில் பதித்திருக்கும் கொக்குச் சின்னம் தபால் உறையிலேயே போய்விடும். லூக்காஸ் விளக்கு ஒரு சின்னப் பெட்டி. ப்ரூக்ஸ் தோல் சீட்டும் அப்படியே. ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேக ஹப், கம்பிகளை வெட்டிவிட்டால் உள்ளங்கைச் சாமான். பி.எஸ்.ஏ. என்ற எழுத்துகளையே பற்சக்கரத்தில் வெட்டியிருப்பார்கள். ஹம்பர் பற்சக்கரத்தில் ஆள் உருவங்கள், ரட்ஜில் விரித்த கை, ராலேயில் கொக்குத் தலைகள். அவற்றையெல்லாம் சுவரில் மாட்டுவதற்கென்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படி உதிரியாக விற்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை; மொத்தத்தைக் கூட்டினால் முழு வண்டியின் விலையைத் தாண்டும்; கூலியோ அற்பம். வியாபாரி என்ன செய்வார்? எதைச் செய்யச் சொல்லிக் கணக்கு இடுகிறதோ அதைச் செய்கிறார்.

மிஞ்சுவது ஃபிரேமும் மட்கார்டும் செயின் கவரும். பெரிய சாமான்கள், அனுப்பக் கூலி கட்டாது. அவை எங்கே போகின்றன என்று நினைக்கிறீர்கள்? அந்த அம்மாளுக்கு முதலில் இரும்பு விலை சொன்னாரே, அதே காயலான் கடைக்காரரிடம்தான். அவரும் பழைய விலைக்கே எடுத்துக்கொள்கிறார்.

வண்டிக்கு உயிர் என்று ஒன்று இருந்தால் அது ஃபிரேமில்தான் இருக்கிறது. மணியும் விளக்கும் மாற்றக்கூடியவை. வண்டியின் எண் குத்தியிருப்பது ஃபிரேமில். அதை உருக்கிவிட்டு நகைநட்டை மட்டும் ஊர் ஊராக அனுப்பி, ‘பழைய சைக்கிள்களைக் காப்பாற்றுகிறோம்’ என்று ஒரு பேச்சு வேறு. அந்த உதிரிகள் வேறு எங்கோ ஒரு வண்டியின் மேல் பூட்டப்படுகின்றன. அந்த வண்டி பளபளக்கிறது. போட்டியில் பரிசும் வாங்கலாம். அதற்காக எத்தனை வண்டி செத்தது என்று யாரும் கேட்பதில்லை.

முழு வண்டியாகவே பெட்டியில் அடைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் மேலானவர்கள். ஆனால் பெட்டிக்குள் அடங்க வண்டியைப் பிரிக்கவேண்டும். இந்தச் சைக்கிள்களைச் செய்தவர்கள் பிரிப்பதற்கென்று செய்யவில்லை. கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடித்திருப்பது காட்டர் பின் என்கிற ஓர் இரும்பு ஆப்பு. ஐம்பது அறுபது வருஷம் மழையும் துருவும் தின்ற ஆப்பு கையால் தள்ளினால் வருமா? சுத்தியல் வேண்டும். கீழே முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அந்த அடி அத்தனையும் உள்ளேயிருக்கும் பால்ரஸ் குண்டுகளுக்கும் கிண்ணத்துக்கும் போய்ச் சேரும். ஆப்பின் மரை நசுங்கித் தலை காளான் மாதிரி விரிந்துகொள்ளும். அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்கவேண்டும். இடப்பக்கத்துப் பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுழலும் என்பதை அறியாத கட்டுக்காரர் பையன் ஸ்பானரை மாட்டி, தன் பலத்தையெல்லாம் காட்டி, அதை இன்னும் இறுக்குவான்.

ஃபோர்க்கைக் கழற்றினால் தலைக்குழாய்க்குள்ளிருந்து குண்டுகள் சிதறும். சிதறியதில் பாதி கிடைக்கும். முன்சக்கரத்தை எடுத்துவிட்டுக் குறுக்கே ஒரு கட்டையும் வைக்காமல் பெட்டியில் போட்டால், மேலே விழுகிற முதல் மூட்டையில் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெருங்கும். கம்பிப் பிரேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கம்பி, ஒரு முழங்கை, ஒரு திருகு என்று கோத்துக் கோத்துக் கட்டிய அந்த ஏற்பாட்டை ஒருமுறை குலைத்தால், திரும்ப நேராக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று கிழவர்கள்தான். அவர்களில் ஒருவரிடம் இந்தப் பார்சல் வியாபாரத்தைப் பற்றிக் கேட்டேன். வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “கல்யாணப் பொண்ணைக் கைவேறு கால்வேறா அனுப்புவாங்களா சார்?” என்றார்.

இது அனுப்புகிறவருடைய கதை. வாங்குகிறவருடைய கதியைப் பார்ப்போம். அவர் வாங்குவது வண்டியை அல்ல, படத்தை. செல்போன் படத்தில் புதுப் பெயின்ட் அழகாக விழும். தலைக்குழாய்க்குப் பின்னால், மேல்குழாயின் அடிப்பக்கத்தில், விரலை வைத்துத் தடவினால் தெரியும் ஒரு சின்னச் சுருக்கம். எப்போதோ வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம், படத்தில் விழாது. மூன்று வேக ஹப் இரண்டாவது வேகத்தில் வழுக்குகிறதா என்பது பாலத்து ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால்தான் தெரியும். நாட்டிங்ஹாமில் செய்த ராலேயா, 1950களில் தொடங்கி அசன்சோலில் சென்–ராலே செய்ததா என்பதையும் வேண்டுமென்றால் ஓர் ஒட்டுச் சின்னத்தால் மறைத்துவிடலாம். (அசன்சோல் வண்டி மட்டம் என்று நான் சொல்லவில்லை; நன்றாக உழைத்த வண்டி. அதை அதன் பெயரிலேயே விற்றால் என்ன கேடு?) இங்கிலீஷ் ராலேயின் கிராங்க் கிண்ணத்து மரை அங்குலத்துக்கு 26 சுற்று, மற்றக் கம்பெனிகளுக்கு 24. தெரியாதவர் யாராவது நடுவில் வேறு கிண்ணத்தை வைத்து முறுக்கி மரையை அழித்திருந்தால், அதைப் பார்க்கக் கையில் வண்டி இருக்கவேண்டும்.

ஒரு நண்பருக்கு இப்படி ஒரு வண்டி வந்தது. ஃபோர்க் நெளிந்திருந்தது. விற்றவர், “நான் அனுப்பும்போது சரியாக இருந்தது” என்றார். கொண்டுவந்தவர், “கட்டினது சரியில்லை” என்றார். கட்டினவர் யாரென்றே தெரியவில்லை. உள்ளூர் வியாபாரத்தில் இந்த முக்கோணம் கிடையாது. விற்றவர் வாரத்துக்கு இரண்டு நாள் கடைத்தெருவில் எதிர்ப்படுவார். செயின் வழுக்கினால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அவருக்கும் அது தெரியும். ஆகவே விற்கும்போதே, “ஹப்பிலே கொஞ்சம் கோளாறு இருக்கு தம்பி, பார்த்துக்குங்க” என்று சொல்லிவிடுகிறார். எந்த உத்தரவாதச் சீட்டிலும் இவ்வளவு பலம் இல்லை.

எதிர்க்கட்சி நண்பர்கள் இங்கே ஒரு சிரிப்புச் சிரிக்கிறார்கள். “உள்ளூரில் வாங்குவார் யார்? பாலுக்கும் கீரைக்கும் வண்டி வேண்டியவர்கள் வாங்குவார்கள். ராலேயின் பின்னால் பெரிய கேரியரைப் பற்றவைத்து, பச்சை வர்ணம் பூசி, பால் கேனை மாட்டித் தொங்கவிடுவார்கள். அதற்குப் புனேக்காரர் எவ்வளவோ மேல்!” என்கிறார்கள்.

பற்றவைக்கட்டுமே! அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது? ஒரு மனிதனும் நாற்பது படி நெல்லும் ஏறிப் போவதற்காக. பச்சை வர்ணத்தைப் பின்னால் சுரண்டலாம். உருக்கிய ஃபிரேமை மீட்க முடியாது. நகரத்துக் காப்பி ஹோட்டல்களில் பழைய சைக்கிளைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று இறங்கிய சக்கரம், அறுந்த செயின், பெடலில் ஒரு பூந்தொட்டி. பால்காரர் கையில் இருப்பதைவிட அது மரியாதையான வாழ்வு என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம், இது எல்லாவற்றிலும் முக்கியமானது. இந்த வண்டி ஓடக்கூடிய தேசம் இன்று எது? இங்கிலாந்து அல்ல. ராலே கம்பெனி நாட்டிங்ஹாமில் ஃபிரேம் செய்வதை 1999-ல் நிறுத்திவிட்டது. 2002-க்குப் பிறகு அந்த ஊரில் பூட்டுவதுகூட இல்லை. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000-ல் தைவான் கைக்குப் போய்விட்டது. இருபத்தெட்டுக்கு ஒன்றரை அங்குல டயரை அங்கே ஒருவர் தேடி அலையவேண்டும். இங்கே? எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் கூரையிலிருந்து தொங்குகிறது. காரணம் எளிது. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு இறக்குமதி சுருங்கியபோது, நாம் அதே அச்சில் நம்முடைய வண்டிகளைச் செய்துகொள்ளத் தொடங்கினோம். 1949-ல் தொடங்கிய கம்பெனி சென்னைக்கு அருகே அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது; அசன்சோலில் ராலே; சோனிப்பட்டில் அட்லஸ். அட்லஸ் தன் சாஹிபாபாத் தொழிற்சாலையை 2020-ல் மூடியது. ஆனால் அந்தக் கறுப்பு வண்டியின் வார்ப்பு மட்டும் மாறவில்லை. லூதியானாவில் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே டயர், டியூப், பிரேக் கட்டை, காட்டர் பின், போக்ஸ் கம்பி எல்லாம் இங்கே காய்கறி மாதிரிக் கிடைக்கும். எல்லாமே அச்சாகப் பொருந்திவிடாதுதான். அரம் போட்டுப் பொருத்தத் தெரிந்த கை இன்னும் இருக்கிறது.

இந்த நிலையில், எந்த ஊரில் வண்டிக்கு டயரும் ஆளும் இருக்கிறதோ அந்த ஊரிலிருந்து பிடுங்கி, இரண்டும் இல்லாத ஊருக்கு அனுப்புவதைத்தான் புத்திசாலித்தனம் என்கிறார்கள்.

கடல் தாண்டி அனுப்புகிறவர்களுக்குச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1972-ஆம் வருஷத்துப் பழம்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நூறு வருஷம் கடந்த, அந்தக் காலத்து விஞ்ஞானத்தையோ கலையையோ கைத்தொழிலையோ காட்டுகிற சாமானைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது அது. சிலைகளை மனசில் வைத்து எழுதிய சட்டந்தான். ஆனாலும் முதல் மகா யுத்தத்துக்கு முந்திய வண்டி ஒன்றைக் கையில் வைத்திருக்கிறவர், அது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சீட்டு வாங்கிய பிறகு பெட்டியைக் கட்டுவது உத்தமம். மணியும் விளக்கும் தபால் உறைக்குள் போகும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

அப்படியானால் அந்த அம்மாள் காயலான் கடை விலைக்கே விற்கவேண்டுமா? கூடாது. உள்ளூர் விலை தாழ்ந்திருப்பதற்குக் காரணம் உள்ளூர் அல்ல, விலை தெரியாததுதான். வெளியூரில் என்ன விலைக்குப் போகிறது என்ற ரகசியம் நடுவில் வருகிறவரோடு நின்றுவிடுகிறது. அவருடைய லாபத்தில் முக்கால் பங்கு அந்த ரகசியத்தின் விலை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. முன்பெல்லாம் வண்டி கைமாறுவது அந்தக் கடை வாசலில்தான். விற்கிறவர், வாங்குகிறவர், பார்த்துக்கொண்டிருக்க நாலு பேர். கடைக்காரர் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றுவார். ரிம்மில் கோட்டம் இருந்தால் எல்லோருக்கும் தெரியும். கிராங்கை ஆட்டிப் பார்ப்பார். இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு விலை சொல்லுவார். அவருக்கு ஒரு டீயும் ஏதோ ஒரு சிறு தொகையும். அந்தக் கடைக்காரருக்கு இன்று புனே விலை தெரிந்தால் போதும். அவர் வீட்டுப் பையன் கையிலேயே செல்போன் இருக்கிறது; ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துகொள்ளக்கூடியதுதான். தெரிந்த பிறகு அந்த அம்மாளிடம் யாரும் ‘கூட ஐந்நூறு’ என்று வந்து நிற்க முடியாது.

அந்த விலைக்கு உள்ளூரில் ஆள் இருப்பாரா? பத்து மடங்குக்கு இருக்கமாட்டார். நாலு மடங்குக்கு இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிகளில் கூட்டமாகப் போகிற வாலிபர்களைச் சின்ன ஊர்களில்கூட இப்போது பார்க்கிறேன். தாத்தாவின் வண்டியை விற்றுவிட்டோமே என்று அங்கலாய்க்கிற பேரன்களும் இருக்கிறார்கள். அடுத்த தெருத் தாத்தாவின் வண்டியை அவர்கள் ஆசையோடு வாங்குவார்கள். நாலு மடங்கு, முழுசாக, அந்த அம்மாளின் கைக்கு, அன்றைக்கே. கண்ணில் படாத பத்து மடங்கைவிட அது எத்தனையோ பெரிய தொகை.

வெளியூர்ப் பிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. புனேயில் சைக்கிளுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது, நல்ல காரியம். வண்டிமேல் உண்மையான மோகம் இருக்கிறவர் ரயிலேறி வரட்டும். கடை வாசலில் நின்று, தடவிப் பார்த்து, பாலம் வரைக்கும் ஒரு நடை மிதித்துவிட்டு வரட்டும். பிடித்திருந்தால் ஊர் விலைக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். கொண்டுபோவதற்கும் பெட்டி தேவையில்லை. ரயிலில் பார்சல் ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. மட்கார்டிலும் குழாயிலும் வைக்கோலும் சாக்கும் சுற்றி, பெயரும் ஊரும் எழுதிக் கட்டிவிட்டால், வண்டியைப் பிரிக்காமலே பிரேக் வானில் ஏற்றுகிறார்கள். ஒரு காட்டர் பின்னையும் தட்டவேண்டாம். ஒரு குண்டும் சிதறாது. இறங்கின ஊரில் காற்றடித்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து ஏறியே போகலாம்.

“அதற்கு ஆகிற போக்குவரத்துச் செலவு?” என்று கேட்கிறார் என் நண்பர்.

வாங்குகிறவர் கொடுக்கட்டும்.